மருந்துப் பெட்டிக்கு ஒரு பட்டுப் பாவாடை

நீ தைத்த அந்த உறையை இன்று காலையில்தான் முதன்முதலாகக் கையால் தொட்டேன். நான்கு வருடமாக என் சமையலறைக் கதவின் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது அது. அரக்கு நிறத்தில் உடம்பு, மாம்பழ மஞ்சளில் கரை, ஓரத்தில் மயில்கழுத்து நிறத்தில் ஓர் ஒட்டு. உன் வீட்டுத் தறியில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து, தெர்மோகோல் பெட்டிக்கு அளவெடுத்து, கைப்பிடியும் வைத்துத் தைத்திருந்தாய். பனிக்கட்டியின் ஈரம் ஏறி ஏறிக் காய்ந்த பட்டு. முகத்தருகே கொண்டுபோனபோது ஈரத் தலைமுடியை வெயிலில் உலர்த்தும்போது வருகிற வாசனை வந்தது.

“மருந்துப் பெட்டிக்குப் பட்டுப் பாவாடையா? இதத் தூக்கிக்கிட்டு நான் பஸ்ல ஏற மாட்டேன்” என்று அன்று சொன்னேன்.

“நீ ஏன் தூக்கப் போற? நான் எடுத்துக்கினு வரேன். நீ பின்னாடி மகாராணி மாதிரி வா” என்றாய்.

அப்படியேதான் நடந்தது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலையில் நீ வருவாய். குளிர்பெட்டியிலிருந்து மருந்துக் குப்பிகளை எடுத்து நான் மேசைமேல் வைப்பேன். நீ அவற்றைப் பெட்டியில் அடுக்கி, பட்டுப் பாவாடையைப் போட்டு, பேருந்து நிலையம்வரை முன்னால் நடப்பாய். திரும்பி வந்ததும் ஆணியில் மாட்டிவிட்டுப் போவாய். அந்தப் பகட்டுத் துணியை நான் தொட்டதில்லை.

இப்போது அதே மருத்துவமனையில், அதே ஜன்னலோரக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். இடது கையில் ஊசி. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. முடிய நான்கைந்து மணி நேரம் ஆகும். நீ உட்கார்கிற பிளாஸ்டிக் நாற்காலி பக்கத்தில் இருக்கிறது. அதில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். உனக்குச் சிரிப்பு வரும்.

என் கணவர் இறந்த அடுத்த வருடம் எனக்கு மூன்று முறை நிமோனியா வந்தது. மூன்றாவது தடவை நான் யாருக்கும் சொல்லவில்லை. பெங்களூரிலிருக்கும் மகனிடம் தொலைபேசியில் இருமாமல் பேசுவதற்கு, பேசும் முன் வெந்நீர் குடித்துப் பழகியிருந்தேன். நம் கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்வாரே, தன் வலியைப் பிறரிடம் முறையிடுவது நல்ல வளர்ப்பாகாது என்று. நீயும் அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் அதைக் கேட்டாய். நான் அதை எழுதி வைத்துக்கொண்டேன். நீ அன்று மாலையே மறந்துவிட்டாய்.

“இன்னாடி இது? கதவத் தொறக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது உனக்கு” என்று, எதேச்சையாக என்னைப் பார்க்க வந்தவள் வாசலிலேயே கத்தினாய். எதிர்வீட்டில் மல்லிகா தறிக்கு நூலைத் தாராகச் சுற்றுகிற மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். எனக்கு மூச்சு வாங்கியதைவிட அவள் பார்த்ததுதான் அதிகமாக வலித்தது.

நீதான் என்னைச் சென்னைக்கு இழுத்து வந்தாய். சோதனை முடிவுகளைப் பார்த்த டாக்டர் சிறு வயதுப் பெண்; பொறுமையானவர். “உங்க ரத்தத்துல பி செல்லுங்க இருக்கும்மா. எண்ணிக்கையும் சரியாத்தான் இருக்கு. ஆனா அதுங்க வளர்ந்து ஆன்டிபாடி சுரக்கிற செல்லா மாறலை. அதான் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வருது” என்றார். பிறகு உன்னைப் பார்த்து, “இவங்க உங்களுக்கு யாரும்மா?” என்று கேட்டார்.

“தெரிஞ்சவங்க” என்றேன்.

அறுபது வருடத்துப் பழக்கத்துக்கு நான் கொடுத்த பெயர் அது. நீ ஊக்கு குத்திய செருப்போடு வந்திருந்தாய். வாசலில் காவலாளியோடு உரத்த குரலில் சண்டை போட்டிருந்தாய். நான் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். நீ ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கி ஓய்வு பெற்றவள். அந்த டாக்டர் முன்னால் இந்த வித்தியாசமெல்லாம் எனக்குத் தேவைப்பட்டது. அதை இன்று மறைக்கப் போவதில்லை. நீ அப்போது முகம் மாறவில்லை. ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஊருக்குத் திரும்புகிற பேருந்தில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை நாம் பேசவில்லை. பிறகு நான்தான் கேட்டேன், செல் இருந்தும் மாறாமல் இருப்பது எப்படி என்று. முப்பது வருடம் அதே பாடத்தை ஆய்வகத்தின் பின்பக்கம் நின்று கேட்டவள் நீ. உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

“பி செல்லு தனியா ஒண்ணும் பெரிசா கிழிக்காதுடி” என்று ஆரம்பித்தாய். “அது மேல கொக்கி மாதிரி இருக்குது. கிருமி வந்தா அதுல மாட்டும். மாட்டினத உள்ள இழுத்துத் துண்டு துண்டா ஆக்கும். அப்பால அதுல ஒரு துண்ட எடுத்துத் தன் மேலயே வெளிய தெரியற மாதிரி வெச்சிக்கினு கிளம்பும். எங்க? டி செல்லுகிட்ட. ‘பாருபா, நான் பிடிச்சது இது’ன்னு காட்டும்.”

“எந்த இடத்துல?”

“கழுத்துல, அக்குள்ல நெறி கட்டுதுன்னு சொல்றோமே, அந்த முடிச்சுக்குள்ளதான். அங்கதான் ரெண்டும் சந்திக்குது.”

“டி செல்லுக்கு அந்தக் கிருமிய எப்படித் தெரியும்?”

“வேற ஒரு செல்லு முன்னாடியே அதுக்கு அதக் காட்டிப் பழக்கியிருக்கும். பழகாத டி செல்லுகிட்ட போய்க் காட்டினா அது திரும்பிக்கூடப் பாக்காது, உன்ன மாதிரி.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ விடவில்லை. அடையாளம் தெரிந்துகொண்ட டி செல் அந்த பி செல்லைப் பற்றிக்கொள்ளும். தொட்டும், தான் சுரக்கிற சில பொருள்களாலும், ‘சரி, மேலே போ’ என்று அதற்கு உணர்த்தும். அதன் பிறகுதான் பி செல் பலவாகப் பெருகும். சில உடனே வேலையைத் தொடங்கும். மற்றவை அந்த முடிச்சுக்குள்ளேயே ஓர் அறைக்குப் போய்த் தங்கள் கொக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கும். மாற்றிய கொக்கியால் மறுபடி பிடிக்க வேண்டும். பிடித்ததை மறுபடி டி செல்லிடம் காட்ட வேண்டும். நன்றாகப் பிடித்தவற்றுக்கு மறுபடி உதவி கிடைக்கும். பிடிக்க முடியாதவை அங்கேயே மடியும். இப்படிப் பல சுற்று தேறி வந்தவைதான் ஆன்டிபாடி என்கிற எதிர்ப்பொருளைக் கொட்டுகிற செல்லாக மாறுகின்றன. சில எலும்பு மஜ்ஜையில் போய் வருடக்கணக்காகக் குடியிருக்கும். சில அந்தக் கிருமியின் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கும். இவ்வளவையும் இருக்கையின் முதுகுக் கம்பியில் விரலால் வரைந்து வரைந்து சொன்னாய். நடத்துனர்கூட ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

“எல்லாக் கிருமிக்கும் இப்படியேவா?” என்று கேட்டேன். முழுமையாகத் தெரியாமல் எதையும் ஏற்கிற பழக்கம் எனக்கு இல்லை.

“சில கிருமிக்கு டி செல்லு உதவி இல்லாமலே கொஞ்சம் சுரக்கும். ஆனா அது அவசரத்துக்குப் போட்ட தையல் மாதிரி. ரொம்ப நாள் நிக்காது.”

“எனக்கு எங்க தடைப்பட்டிருக்கு?”

“டாக்டரம்மாவுக்கே சரியாத் தெரியலையாம். பி செல்லுலயும் கோளாறு இருக்கலாம், உதவ வேண்டியதுலயும் இருக்கலாம்.” ஓரக் கண்ணால் என்னைப் பார்த்தாய். “ஆனா உன்ன எனக்குத் தெரியும்டி. உன் செல்லு காட்டியிருக்காது.”

அன்று உன்மேல் கோபப்பட்டதுபோல் நடித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபோது உங்கள் வீட்டுத் தறிதான் கண்ணுக்குள் நின்றது. ஏகாம்பரநாதர் கோயில் தேர்வீதிக்குப் பின்னால், ஆறாம் வகுப்பில் ஒரு சனிக்கிழமை நீ என்னைக் கூட்டிப்போன வீடு. உன் அப்பா ஒரு புடவையை முடித்திருந்தார். ஆனால் தறியிலிருந்து அறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். “ஒரு மாசமா இதையே பாத்துக்கினு இருக்கேன்பா. என் கண்ணுக்கு இனிமே ஒண்ணும் தெரியாது. நீ பாரு.” வந்தவர் உடலும் கரையும் சேருகிற கோர்வையின் அடிப்பக்கத்தில் நகத்தால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நகம் நின்றது. “இங்க ஒரு இழை நழுவியிருக்குது.” உன் அப்பா வெட்கப்படவே இல்லை. உட்கார்ந்து அதைச் சரி செய்துவிட்டு, மறுபடியும் அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகுதான் கத்தியை எடுத்தார்.

எனக்கு அது பெரிய ஆச்சரியம். எங்கள் வீட்டில் தவறு என்பது விருந்தினர் வருவதற்குள் மூடி வைக்கிற பொருள்.

ஊசி போட்டுக்கொள்ள நான் எளிதில் சம்மதிக்கவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள் அந்தக் குப்பியில் இருக்கிறது என்று தெரிந்ததும் குப்பியைத் தள்ளி வைத்தேன். யார் யாருடையதோ, எப்படி எப்படியோ வாழ்கிறவர்களுடையது. “ஆமாடி” என்றாய். “நீ காலையில முறைச்சியே, அந்த ஆட்டோக்காரன் குடுத்ததும் அதுல இருக்கும். அவனுக்கு வந்து போன காய்ச்சலுக்கெல்லாம் அவன் உடம்பு செஞ்சு வெச்சதுதான் இப்ப உன்னக் காப்பாத்தப் போவுது. அடுத்த தபா அவனப் பாத்தா ஒரு வணக்கம் வெய்யி.” செவிலியர் சிரித்துவிட்டார். நானும் சிரித்திருக்கலாம்.

அந்த நான்கு வருடத்தில் எனக்கு ஒரு நிமோனியாகூட வரவில்லை. மந்தாரை இலையில் கட்டிய இட்லியை இந்தக் கட்டிலின்மேல் பிரிப்பாய். வார்டு முழுக்க மிளகும் சுக்கும் மணக்கும். நான் பெயர்ப்பலகைகளில் இருக்கும் எழுத்துப் பிழைகளைக் குறித்துத் தலைமைச் செவிலியரிடம் கொடுப்பேன். நீ அடுத்த கட்டில்காரர்களின் குடும்பக் கதைகளை எல்லாம் சேகரிப்பாய். அப்புறம், “டீ குடிச்சிட்டு வரேன்” என்று எழுந்து போவாய்.

கடைசி வருடத்தில் அந்த டீ மிகவும் நீண்டது. ஒருமுறை ஒன்றரை மணி நேரம். சொட்டு முடிந்து ஊசியைக்கூட எடுத்துவிட்டார்கள், நீ வரவில்லை. “ஒரு டீக்கு ஒன்றரை மணி நேரமா? உனக்குக் காலத்தோட மதிப்பே தெரியாதா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். “வரிசைடி” என்றாய். படியில் இரண்டு முறை உட்கார்ந்தாய். முட்டி என்றாய். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு பகல் நேரத்தில், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்று உன் மருமகள் வந்து சொன்னாள். இதயம் என்றார்கள். அவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. உன் வீட்டில் உன் உறவினர்களுக்கு நடுவே நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு பெண் இன்னொருத்தியிடம், “அவங்க யாரு?” என்று கேட்டாள். “தெரியல, தெரிஞ்சவங்க போல” என்று பதில் வந்தது. எனக்குச் சரியாகத்தான் கிடைத்தது.

அதன் பிறகு இரண்டு தவணை நான் இங்கே வரவில்லை. இந்த மருத்துவமனையில் துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் மருந்து ஏற்ற மாட்டார்கள். மகனிடம் ஞாயிறுதோறும் வெந்நீர் குடித்துவிட்டுப் பேசினேன். டாக்டர் தாமே தொலைபேசியில் கூப்பிட்டு, “இன்னும் தள்ளிப் போட்டீங்கன்னா நுரையீரல் கெட்டுடும்மா. அதத் திருப்ப முடியாது” என்றார். போன வாரம் இருமல் மறுபடி தொடங்கியது. பச்சைச் சளி. எனக்குத் தெரியும், அது எங்கே போய் முடியும் என்று. பிழைத்திருக்கத்தான் வேண்டுமா என்றும் ஒருநாள் யோசித்தேன். அந்த யோசனையைச் சொல்லவும் ஆள் இல்லை.

கடைசியில் தனியாகவே வருவது என்று முடிவு செய்தேன். கூட வந்தவர் எங்கே என்று கேட்டால், வெளியே நிற்கிறார் என்று சொல்ல ஒரு பொய்யையும் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்காகத்தான் இன்று விடியற்காலையில் உன் பட்டு உறையை ஆணியிலிருந்து எடுத்தேன்.

உட்புறத்தில் ஒரு பை வைத்துத் தைத்திருக்கிறாய் என்பதே எனக்குத் தெரியாது. பழைய பேருந்துச் சீட்டுகள் இரண்டு. ஓர் ஊக்கு. நாலாக மடித்த, ஈரத்தில் ஊறிக் காய்ந்த ஒரு மருத்துவமனைச் சீட்டு. உன் பெயர். உன் வயது. இதய நோய்ப் பிரிவு. இதே கட்டடத்தின் தரைத்தளம். முதல் தேதி, நீ போவதற்கு எட்டு மாதம் முந்தியது. மூன்று முறை வந்ததற்கு மூன்று முத்திரைகள். மூன்றாவது முத்திரைக்குக் கீழே, “அடுத்த முறை கூட ஒருவருடன் வரவும்” என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார்கள். நான்காவது முத்திரை இல்லை.

நான் நான்காவது மாடியில், உன் துணையோடு வந்த நோயாளியாகப் படுத்திருந்தேன். நீ கீழே துணையில்லாமல் வரிசையில் நின்றிருந்தாய்.

அந்தச் சீட்டை வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்க என் வீட்டு ஆணியைத் தேர்ந்தெடுத்தாயா? அல்லது என் கண்ணில் படட்டும் என்று வைத்தாயா? எட்டு மாதம் என் கதவுக்குப் பின்னால், என் கை நீள்கிற தூரத்தில் அது இருந்தது. ஊரார் எழுத்துப் பிழைகளை எல்லாம் பொறுக்கியவள் நான். நீ எதற்காக வைத்தாய் என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. ஒளித்திருந்தாய் என்றே நினைத்துக்கொள்ள மனம் விரும்புகிறது. காட்டினாய் என்றால் அதை என்னால் தாங்க முடியாது.

சமையலறைத் தரையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. எதிர்வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. என் மருத்துவக் கோப்பை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். மல்லிகா வாளியோடு நின்றாள். அவளிடம் நான் பத்து வருடமாகப் பேசியது எல்லாம் அவள் மெஷின் சத்தத்தைப் பற்றிய புகார்கள் மட்டும்தான்.

“இன்னா டீச்சரம்மா, மெஷின் இன்னும் போடவே இல்லையே நானு” என்றாள்.

கோப்பைத் திறந்து அவளிடம் நீட்டினேன். “எனக்கு உடம்பு சரியில்ல, மல்லிகா. நாலு வருஷமா. கூட ஒரு ஆள் வேணும்.” இரண்டு வாக்கியம்தான். தலைமையாசிரியையாக நின்று பேசிய எந்த மேடையிலும் இவ்வளவு கடினமான வாக்கியங்களை நான் சொன்னதில்லை.

அவளுக்கு அந்தக் காகிதம் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். “இத எதிர்லயே வெச்சிக்கினு இத்தினி வருசமா… இருங்க, புடவய மாத்திக்கினு வரேன். பஸ்ஸு எத்தினி மணிக்கு?” என்றாள். கிளம்பும்போது பெட்டியை வாங்கிக்கொண்டவள் உறையைப் பார்த்து, “யாரு தெச்சது? கோர்வை கணக்கா சேத்திருக்காங்களே!” என்றாள். அவளிடம் உன்னைப் பற்றி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் பேசினேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “நல்ல வேளை, இப்பவாவது வந்தீங்க” என்றார். அப்புறம் நாற்காலியைப் பார்த்தார். “எப்பவும் உங்ககூட வருவாங்களே, அந்தத் தெரிஞ்சவங்க… அவங்க வரலையா?”

“அவ என் சிநேகிதிம்மா” என்றேன். “ஆறாங் கிளாஸ்லேர்ந்து. இறந்துட்டா.”

நீ இருந்தபோது ஒருமுறைகூட உன் காது கேட்கச் சொல்லாத சொல். டாக்டர் என் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பாதிக் குப்பி இறங்கியபோது மல்லிகா எழுந்தாள். “டீ குடிச்சிட்டு வரேன் டீச்சரம்மா.” அவள் போய்விட்டாள். கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம், பத்து, இருபது. ஜன்னல் வழியாகக் கீழே தெரிந்த தலைகளில் அவள் தலையைத் தேடினேன். நீ போனபோதும் உன் தலையை இப்படி ஒருநாளாவது தேடியிருக்கலாம். இருபத்தைந்தாவது நிமிடத்தில் வந்தாள்.

“எங்க போன? உண்மையச் சொல்லு” என்றேன்.

“அய்யோ, டீதாம்மா! கடையில கூட்டம்!” என்று மிரண்டுவிட்டாள்.

“உனக்கு உடம்பு ஏதாவது பண்ணுதா?”

அவள் சிரித்தாள். “எனக்கு இன்னாம்மா? கல்லு மாதிரி இருக்கேன்.” நான் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையைச் சரி செய்து, வேறெங்கோ பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே வலது கையை என் பக்கம் நீட்டினாள்.

“இந்தக் கைதாம்மா. தார் சுத்திச் சுத்தி, ரெண்டு மாசமா விரல்லாம் மரத்துப் போவுது. இட்லி பிட்டாக்கூடத் தெரியல. யார்ட்டயும் சொல்லல.”

ஊசி இல்லாத என் கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாக, நகம் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். நடுவிரலில் அவளுக்கு உணர்வு இல்லை. அங்கே நிறுத்தினேன். அடுத்த வாரம் அவளை இதற்கென்று இருக்கிற டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். துணையாக நான் போகிறேன்.

மருந்து முடியப் போகிறது. உன் சீட்டை மறுபடியும் நாலாக மடித்து அதே பைக்குள் வைத்துவிட்டேன். திரும்பிப் போகும்போது பெட்டியை மல்லிகாவிடம் கொடுக்கப் போவதில்லை. பேருந்து நிலையம் வரைக்கும், பிறகு என் தெரு நெடுக, எல்லாரும் பார்க்க, அந்தப் பட்டுப் பாவாடையை நானே தூக்கிக்கொண்டு நடப்பேன்.